மூன்றாம் கதவுக்காரர் பிச்சையா

தாராவியில் பிச்சையாவுக்கு இரண்டு பெயர் வழங்கின. நேரில் பார்த்தால் 'அண்ணாச்சி'. அவர் அந்தப் பக்கம் போனதும் 'ராஜா வீட்டுத் தாழ்ப்பாள்'. இரண்டாவது பெயர் தன் காதில் விழவே இல்லை என்பதுபோல அவர் நடந்துகொள்வார். விழுந்திருந்தது. அதை வைத்தவன் யார் என்பதும் தெரிந்திருந்தது. பக்கத்துச் சந்தில் இருந்த சலாவுதீன், ஒரு காலத்தில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். வேறு எவனாவது வைத்திருந்தால் போடா என்று விட்டிருப்பார். சலாவுதீன் வைத்ததால் வலித்தது.

இருவரும் முப்பத்திரண்டாம் வருஷம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்தவர்கள். வந்த மறுநாளே தாராவியில் ஒரு தோல் பட்டறையில் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நின்று ஏழு வருஷம் தோல் அலசினார்கள். அந்த வாடை என்ன சோப்புப் போட்டாலும் போகாது. டிராமில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். 'நமக்கு உக்கார இடம் கெடைக்குல்லா' என்று சலாவுதீன் சிரிப்பான். பிச்சையாவுக்குச் சிரிப்பு வராது.

முப்பத்தொன்பதில் கோட்டைப் பகுதியில் இருந்த விண்ட்சர் தியேட்டருக்கு நாற்காலி தைக்கத் தோல் வேண்டியிருந்தது. பட்டறையிலிருந்து தோல் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு போனவர் பிச்சையா. தியேட்டர் மானேஜர் ஒரு பார்சிக்காரர். பம்பாயில் பார்சிக்காரர் என்றால் பெயர் எதுவானாலும் பாவாஜிதான். பாவாஜி அவருடைய தோளைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், கதவு பிடிக்க வருகிறாயா என்று கேட்டார். கதவைப் பிடிப்பது ஒரு வேலையா என்று பிச்சையாவுக்கு ஆச்சரியம். ஆனால் சிவப்புக் கோட்டும் அதில் ஏழு பித்தளைப் பொத்தானும் தருவதாகச் சொன்னதும் வேறொன்றும் கேட்கவில்லை. அவருடைய மனைவி சண்முகவடிவு அந்தப் பொத்தான்களைக் காலையில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பாள். வீட்டில் தோல் வாடை போனதே அவளுக்குப் பெரிய நிம்மதி.

வேலை என்னவென்று சேர்ந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் இங்கிலாந்து ராஜா படத்தைத் திரையில் காட்டி, அவருக்கான பாட்டை ரிக்கார்டில் போடுவார்கள். இருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நம்மாட்கள் என்ன செய்வார்கள் என்றால், கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்ததுமே செருப்பைக் காலால் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டுத் தொடங்குவதற்குள் பாதிக் கொட்டகை காலி. இதைப் பற்றி மேலே யாரோ பாவாஜிக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மூன்று கதவுக்கும் குறுக்கே இரும்புக் கம்பி வந்தது. படம் முடியும் நேரம் கம்பியைக் கொக்கியில் மாட்டி, அதில் முதுகைச் சாய்த்துப் பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும். டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது எல்லாம் உபரி. பிச்சையாவுக்கு மூன்றாம் கதவு.

திட்டுகிறவர்கள் மராத்தியிலும் குஜராத்தியிலும் தமிழிலும் திட்டினார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். சம்பளம் வாங்குகிறோம், வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்பதற்கு மேல் அவர் அப்போது யோசிக்கவில்லை. அந்த வயதில் பெரும்பாலோர் அப்படித்தான், அவரைக் குறை சொல்ல நாம் யார்.

உலகச் சண்டை வந்தது. ஊரெல்லாம் வெள்ளைச் சோல்ஜர்கள். சாயங்கால ஆட்டத்துக்கு விண்ட்சரில் அவர்கள்தான் பாதிப் பேர். இனிமேல் கம்பிக்கே அவசியம் இருக்காது, அவர்கள் ராஜா, அவர்கள் பாட்டு, நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள் என்று பிச்சையா நினைத்தார். ஆனால் பாட்டுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் முந்திக் கதவுக்கு ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். பக்கத்து ஓட்டலில் பீர் தீர்ந்துபோகும் என்ற பயம். முதல் நாள் அவர் ஒருவனைத் தடுத்தார். அவன் சிரித்துக்கொண்டே அவருடைய கன்னத்தில் தட்டி, கம்பிக்கு அடியில் குனிந்து போய்விட்டான். ராஜா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், எனக்கு அவரைத் தெரியும் என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனான். பாவாஜியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிச்சையா இதை வீட்டில் வடிவிடம் சொல்லி ஆச்சரியப்பட்டார். யோசித்துப் பார்த்தபோது சரியாகத்தான் பட்டது. சொந்த வீட்டிலிருந்து வெளியே போகிறவன் யாரிடம் உத்தரவு கேட்பான்?

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் ஊர் கொந்தளித்தது. பரேல் பக்கத்துத் தடியடியில் தோல் பட்டறைக்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. சலாவுதீன் அவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். அரசியல், மீட்டிங் எதற்கும் அவன் போனவனில்லை. அன்றைக்கும் அங்கே தோல் கட்டு இறக்கத்தான் போயிருந்தான். ஆனால் வந்த பிறகு சில நாள் பேச்சு குறைந்திருந்தது.

சிநேகிதனுக்கு மனசு மாறட்டும் என்று அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிச்சையா தன் பாஸில் அவனை மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். மூன்றாம் கதவுக்குப் பக்கத்து வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல படம், அவன் வாய்விட்டுச் சிரித்ததைக்கூட அவர் கதவருகே நின்று கேட்டார். படம் முடிந்தது. கம்பி விழுந்தது. பாட்டுத் தொடங்கியது, எல்லோரும் எழுந்தார்கள்.

சலாவுதீன் எழவில்லை.

பின்வரிசையில் நாலு சோல்ஜர்கள். ஒருவன் அவனுடைய தோளைத் தட்டினான். அடுத்தவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். சலாவுதீன் கையை உதறிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அப்புறம் அடி விழ ஆரம்பித்தது. அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். கதவுக்கும் அவனுக்கும் நாலு எட்டுத்தான் தூரம். கம்பியைத் தூக்கினால் ஒரே பாய்ச்சலில் வெளியே போயிருக்கலாம். பிச்சையாவின் கை கம்பியில்தான் இருந்தது. பக்கத்தில் பாவாஜி நின்றார். வீட்டில் வடிவு ஏழு மாதம். சிவப்புக் கோட்டு உடம்பில் இருந்தது. அந்தக் கை நகரவில்லை. பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்லை, அதற்குள் ஒரு பூட்ஸ் கால் சலாவுதீனின் வலது முட்டியில் மூன்று முறை இறங்கியது.

பீருக்காக ஓடிய வெள்ளைக்காரனை யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த சலாவுதீனைத்தான் கேட்டார்கள். இது பிச்சையாவுக்குப் புரிந்தபோது காலம் கடந்திருந்தது.

முட்டி கோணலாகக் கூடியது. காலை மடக்கினால் நீட்ட நேரமாகும், நீட்டினால் மடக்க நேரமாகும். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற வேலை போய், உட்கார்ந்து செருப்புக்குத் தோல் வெட்டுகிற வேலை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிச்சையாவைப் பார்த்ததும் சலாவுதீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அத்தோடு பேச்சு நின்றது. அவனுடைய மனைவி அக்தர் பானுவும் வடிவும் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்கு இங்கிருந்து அங்கே முறுக்குப் போகும், பெருநாளைக்கு அங்கிருந்து இங்கே சேமியா வரும். வீட்டில் எல்லோரும் முறுக்குத் தின்பார்கள், சலாவுதீன் மட்டும் தொடமாட்டான். அதை அக்தர் பானு வடிவிடம் சொல்லாமல் இருக்கலாம். சொல்லிவிடுவாள்.

பிச்சையா வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் பல நாள் கேட்டுக்கொண்டார். விட்டால் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான், கம்பி அப்படியே விழும். ஆகவே அவர் வேறொன்று செய்தார்.

புதுப் படம் வந்த முதல் ஆட்டத்தில், கடைசிக் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். எந்த வசனம், எந்த முத்தம், எந்தக் குதிரை ஓட்டம். அதிலிருந்து படம் முடிய ஒரு நிமிஷம் இருக்க வேண்டும். மறு ஆட்டத்திலிருந்து அந்த இடம் வந்ததும் டார்ச்சைத் தரையில் ஒரே ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டு, கதவை ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறந்து வைப்பார். பாட்டுக்கு நிற்க மனசில்லாதவர்கள் சத்தமில்லாமல் போய்விடலாம். நிமிஷம் ஆனதும் கதவைச் சாத்தி கம்பியைப் போடுவார். உள்ளே இருப்பவர்கள் தாமாக இருப்பவர்கள். ராஜாவுக்கும் மரியாதை, ஜனங்களுக்கும் மரியாதை, நடுவில் யாருடைய முட்டியும் உடையாது. கொஞ்ச நாளில் தெரிந்தவர்கள் எல்லாம் மூன்றாம் கதவு ஓரமாகவே டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். பாவாஜி கண்டுபிடித்தார். ஆனால் கொட்டகையில் சண்டை நின்றுபோயிருப்பதையும் சேர்த்துத்தான் கண்டுபிடித்தார், அதனால் பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த நிமிஷத்துக்கு ஒரு நிரந்தர வாடிக்கைக்காரர் மாட்டுங்காவில் குடியிருந்த மகாதேவன். பாலக்காட்டுக்காரர், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. சனிக்கிழமை தவறாமல் குடையோடு வருவார், டார்ச் அடித்ததும் குடையோடு போவார். போரிபந்தர் ஸ்டேஷனில் ஆறே காலுக்கு அவருக்கு லோக்கல் ரயில். ஒரு நாள் தானே காரணம் சொன்னார்.

"ஒரு நாளைக்கு இருபது லெட்டர்ல, தங்கள் கீழ்ப்படிந்த சேவகன்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன் பிச்சையா. சாயங்காலமும் நின்னுண்டு சொல்லணுமா?"

நாற்பத்து மூன்றில் ஒரு நாள் போலந்து தேசத்துப் பெண்கள் முப்பது பேரும் குழந்தைகளும் வந்தார்கள். சண்டையில் ஊரை விட்டு எங்கெங்கோ அலைந்து பம்பாயில் கரை சேர்ந்தவர்கள், அவர்களுக்கு என்று இலவச ஆட்டம். பிச்சையா வழக்கப்படி டார்ச் அடித்தார், ஒருவரும் எழவில்லை. ராஜா பாட்டுக்கு ஒழுங்காக எழுந்து நின்றார்கள். பாட்டு முடிந்து அவர் கம்பியை எடுத்துவிட்டார், அப்போதும் போகவில்லை. உயரமான ஒரு அம்மாள் மெதுவாகப் பாடத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரிக்கார்டு கிடையாது, வாத்தியம் கிடையாது. குழந்தைகளுக்குக்கூட எல்லா அடியும் தெரிந்திருந்தது. வெளியே அடுத்த ஆட்டத்துக் கூட்டம் கதவைத் தள்ளியது. பிச்சையா அதே முதுகை அதே கதவில் சாய்த்து நின்றார், இந்தத் தடவை வெளியிலிருந்து யாரும் உள்ளே வந்து அதைக் கலைக்காமல் இருக்க. பாவாஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பிச்சையா அவரிடம் கேட்டார், அந்தத் தேசம் எங்கே இருக்கிறது என்று. இப்போதைக்கு இல்லை, ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான் என்றார் பாவாஜி. இல்லாத தேசத்துக்குப் பாட்டு இருக்கிறது என்பது பிச்சையாவை ரொம்ப நாள் விடவில்லை. தோல் பட்டறை, தண்ணீர்க் குழாய், சலாவுதீன் வீட்டு வாசல் எல்லாவற்றையும் தாண்டி நடக்கும்போது அது ஞாபகம் வரும். மனசுக்குள் ஏனோ தெம்பாக இருக்கும்.

அடுத்த வருஷம் அமெரிக்காக்காரர்கள். அவர்களோ தங்கள் பாட்டு ரிக்கார்டைத் தாங்களே கொண்டு வந்து பாவாஜி கையில் கொடுத்துவிட்டார்கள். வாயில் எதையோ மென்றுகொண்டு, காலை முன் நாற்காலி மேல் போட்டுக்கொண்டு படம் பார்க்கிற ஆட்கள். அவர்கள் பாட்டு வந்ததும் மெல்லுவதை நிறுத்தி, மார்பில் கை வைத்து விறைத்து நின்றார்கள். தேசத்தைக் கல்யாணத்துக்கு எடுத்த சட்டைபோலத் தினமும் போட்டுக்கொண்டு திரிகிறார்களே என்று பிச்சையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவன் அவருக்குச் சிகரெட் கொடுத்து, உங்கள் பாட்டு எது என்று கேட்டான். பிச்சையா திரையில் இருந்த ராஜாவைக் காட்டினார். அந்த ராஜாவின் தாத்தாவுக்குத் தாத்தாவை நாங்கள் எப்போதோ விரட்டிவிட்டோமே என்று அவன் முதுகில் தட்டிச் சிரித்தான். பிச்சையாவும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு அவருக்குக் கசந்தது.

வெள்ளைக்காரன் தேசத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், வெளியே எடுப்பதே இல்லை. அமெரிக்காக்காரன் நெற்றியில் ஒட்டியிருக்கிறான். போலந்துக்காரி நெஞ்சுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்று வடிவிடம் கேட்டார். சோறு ஆறுகிறது என்றாள் அவள்.

நாற்பத்தேழு ஆகஸ்டு வந்தது. பதினைந்தாம் தேதி பம்பாயில் தூங்கினவர் யாரும் இல்லை. தாராவிச் சந்துகளில் மாவிலைத் தோரணம், காகிதக் கொடி. வெள்ளைச் சோல்ஜர் கூட்டம் குறைந்துபோனதால் விண்ட்சரில் இந்திப் படம் ஓட ஆரம்பித்திருந்தது. நம் பாட்டு இன்னதுதான் என்று டெல்லியில் இன்னும் முடிவாகவில்லை, ஆனாலும் பாவாஜி எங்கிருந்தோ ஒரு ரிக்கார்டு சம்பாதித்து வந்தார். ராஜா படம் கீழே இறங்கியது. கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதே நாட்களில் துறைமுகத்திலிருந்து கராச்சிக்குக் கப்பல் கப்பலாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சந்தில் ஒருவன் சலாவுதீனை நிறுத்தி, நீ எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டானாம். "கப்பல் ஏறி நான் எங்கல போவேன்? எனக்குத் தெரிஞ்ச வெளியூரு பாளையங்கோட்டை ஒண்ணுதான்" என்றானாம் சலாவுதீன். இதை வடிவு வந்து சொன்னபோது பிச்சையா சிரித்தார். சிரித்துவிட்டு, அந்தக் கேள்வியை ஒருவன் கேட்டுவிட்டானே என்றார்.

சுதந்திரம் வந்த நாலாம் நாள் ரம்ஜான் பெருநாள். பெருநாள் என்றால் பம்பாயில் தொழுகை, பிரியாணி, அப்புறம் சினிமா. காலையில் சேமியாக் கிண்ணத்தோடு வந்த அக்தர் பானு, தாங்கள் குடும்பத்தோடு விண்ட்சருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எத்தனையோ கொட்டகை இருக்க, அங்கேதான் போகவேண்டும் என்று சலாவுதீனே சொன்னானாம். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. பிச்சையா அன்றைக்குப் பொத்தான்களைத் தானே ஒரு தடவை தேய்த்துக்கொண்டார்.

மத்தியான ஆட்டம் நிரம்பி வழிந்தது. பெண்களும் பிள்ளைகளும் பெண்கள் பகுதிக்குப் போனார்கள். சலாவுதீன் ஊன்றுகோலோடு மூன்றாம் கதவு வழியாகத்தான் வந்தான். பிச்சையா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, ஐந்து வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அதே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிச்சையாவுக்குப் படத்தில் மனசு ஓடவில்லை. அந்தத் தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, திட்டாகவே இருந்தாலும் ஒரு வார்த்தை அவன் பேசிவிட்டால் போதும் என்று இருந்தது.

படம் முடியச் சற்று முன்னால் பாவாஜி பரபரப்பாக வந்தார். கூடவே கையில் தொண்டர் பட்டி கட்டிய இளவட்டங்கள் மூன்று பேர். நம் பாட்டுப் போடும்போது ஒருவன் வெளியே போனாலும் அவமானம், மூன்று கதவையும் அடைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு கதவிலும் கம்பி விழுந்தாகிவிட்டது. இதையும் போடு என்றார் பாவாஜி.

பிச்சையா கதவோரம் சாய்த்திருந்த கம்பியை எடுத்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கதவின் இரண்டு பலகையையும் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்தார். எட்டு வருஷத்தில் அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்ததே இல்லை. வராந்தா வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"சாப்" என்று தன் பம்பாய் இந்தியில் மெதுவாகச் சொன்னார், "கம்பி போட்டா இதுவும் ராஜா பாட்டு ஆயிரும்."

பட்டி கட்டிய பையன் ஏதோ கத்த வாயெடுத்தான். பாவாஜி அவனுடைய தோளில் கை வைத்து நிறுத்தினார். பார்சிக்காரருக்கு என்ன தோன்றியதோ, விடு என்றார். பிச்சையா வழக்கம்போலத் தரையில் ஒரு தடவை டார்ச் அடித்தார். மகாதேவன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். ஒரு கால் வராந்தாவில், ஒரு கால் உள்ளே. கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பாட்டுத் தொடங்கியது. வராந்தாவுக்குப் போன காலை உள்ளே எடுத்துக்கொண்டு, குடையைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து நின்றார்.

"ஆறே முக்காலுக்கும் ஒரு வண்டி இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

கொட்டகை முழுக்க நாற்காலிகள் படபடவென்று மடங்கின. மூன்றாம் கதவோரம் ஒரு நாற்காலி மட்டும் மடங்கவில்லை. இரண்டரை மணி நேரம் மடங்கியிருந்த சலாவுதீனின் முட்டி நீளவில்லை. ஊன்றுகோல் வழுக்கி நாற்காலிகளுக்கு அடியில் எங்கோ போயிருந்தது. அவன் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தடவை முயன்றான், மறுபடி விழுந்தான். பின்னாலிருந்து ஒருவன் இந்தியில், எழுந்திரு என்றான். இன்னொருவன், இவனெல்லாம் இன்னும் கப்பல் ஏறவில்லையா என்றான். அது பிச்சையாவின் காதிலும் விழுந்தது.

சலாவுதீன் கதவைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, அதே நாலு எட்டுத் தூரம்.

பிச்சையா நடந்தார். அவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து ஒதுங்கி நின்றிருந்தார். மடங்கியிருந்த அந்த நாற்காலியைப் பிரித்து, சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக, கம்பியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். விண்ட்சர் தியேட்டரில் எட்டு வருஷமாக அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார வைக்கிறவர் உட்காரக்கூடாது என்பது அங்கே சட்டம். பின்னாலிருந்தவர்கள் கோட்டைப் பார்த்தார்கள், மடியில் இருந்த இரும்பைப் பார்த்தார்கள், பேச்சு அடங்கியது. சலாவுதீன் தலையைத் திருப்பி அவரையே பார்த்தான்.

"நீ ஏம்ல உக்காந்த?"

ஐந்து வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"நீ உக்காந்திருக்கேல்லா."

"எனக்கு முட்டு மடங்கிக் கெடக்கு. ஒனக்கு என்ன கேடு? எந்திரில. இது நம்ம பாட்டு." சலாவுதீன் அவருடைய மடியிலிருந்த கம்பியைப் பிடுங்கித் தரையில் ஊன்றினான். "இதுக்கு எந்திக்கத்தாம்ல இங்க வந்தேன். கையக் குடு."

பிச்சையா எழுந்து தோளைக் கொடுத்தார். ஒரு கையால் அந்தத் தோளையும் மறு கையால் கம்பியையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சலாவுதீன் எழுந்தான். பாதிப் பாட்டுப் போய்விட்டது. மீதிப் பாதிக்கு இருவரும் ஒட்டி நின்றார்கள். பிச்சையா அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. திறந்த கதவு வழியாக ஒருவரும் போகவில்லை.

பாட்டு முடிந்து கூட்டம் கலைந்ததும் அக்தர் பானு வந்து நாற்காலிகளுக்கு அடியில் ஊன்றுகோலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். சலாவுதீன் கம்பியைப் பிச்சையாவிடம் நீட்டினான். வீட்டில் பிரியாணி மிச்சம் இருக்கிறது, வடிவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர் என்றான். வாசல்வரை போனவன் திரும்பி, போன தீபாவளி முறுக்கில் உப்புக் கூடிவிட்டதாக வடிவிடம் சொல்லச் சொன்னான்.

பிச்சையா அந்தக் கம்பியைக் கொண்டுபோய் படிக்கட்டுக்கு அடியில் பழைய நாற்காலிகளோடு போட்டார். பாவாஜி அதைக் கேட்கவே இல்லை. பிறகும் பல வருஷம் அவர் மூன்றாம் கதவில்தான் நின்றார். படம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது டார்ச் அடிப்பதை மட்டும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை டார்ச் வெளிச்சம் விழுந்ததும் மகாதேவன் எழுந்து, இன்றைக்கு ஆறே கால் வண்டியை விட முடியாது, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று கூச்சத்தோடு சொன்னார். போய்ட்டு வாங்க சாமி என்று பிச்சையா கதவைப் பிடித்து வழி விட்டார்.